புதுப் போனும் சுகந்தியின் தோளும்

1. பெட்டி திறந்த நாள்

புதுப் போன் கடைக்கு வந்த அன்று அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனப் பொட்டும் வைத்துத்தான் பெட்டியைத் திறந்தேன். தேங்காய் உடைக்காததுதான் குறை. வெள்ளவத்தையில் எங்கள் வரிசையிலுள்ள எந்தச் சாறிக் கடையிலும் அந்த மொடல் அப்போது இல்லை. கொழும்புக் கடைகளுக்கு வருமுன்னமே சிங்கப்பூருக்குப் போய்வருகிற ஒருவரிடம் சொல்லி எடுப்பித்தது. எடுப்பித்தவள் நான். முதலாளிக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

“இருக்கிற போனுக்கு என்ன குறை வசந்தா? கோல் வருது, படம் தெரியுது.”

“கமரா காணாது முதலாளி. பக்கத்துக் கடைக்காரர் வாங்க முதல் நாங்கள் வாங்கிப் போட வேணும்.”

இப்படியே நாள்கணக்காக அரித்தேன். மனுசன் என் தொல்லை தாங்காமல்தான் ஓம் என்றார். பழைய போனை அந்தச் சிங்கப்பூர்க்காரரிடமே விலையில் கழித்துக் கொடுத்துவிட்டோம். அந்த யோசனையும் என்னுடையதுதான்.

எங்கள் வேலையைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வியாபாரத்தில் பாதி, கடைக்குள் கால் வைக்காத ஆட்களோடு நடப்பது. கனடாவில் கலியாணம், லண்டனில் பெரியபிள்ளையான மகளுக்குச் சாமத்தியவீடு, பாரிஸில் அரங்கேற்றம் என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். அவர்கள் வீடியோ கோலில் வருவார்கள். நாங்கள் சாறியை எடுத்து விரித்து, கடையில் வேலை செய்யும் ஒரு பிள்ளையின் தோளில் போட்டு, கரையையும் முந்தானையையும் கிட்டக் காட்டுவோம். மேசையில் விரித்துக் காட்டினால் எவரும் வாங்கமாட்டார்கள். ஒரு தோளில் கிடக்க வேண்டும். அதற்குப் பெயர் எங்கள் கடையில் வீடியோ கவுண்டர். அதற்குப் பொறுப்பு நான். போனைப் பிடிப்பதும் நான், கதைப்பதும் நான், விலை பேசுவதும் நான்.

தோள் சுகந்தியினுடையது. கொட்டாஞ்சேனைப் பிள்ளை. முதலில் மேல்மாடி ஸ்டோரில் பெட்டி அடுக்க வந்தவள். நல்ல உயரம், நல்ல கறுப்பு. ஒரு நாள் ஆளில்லாமல் அவளைக் கூப்பிட்டு ஒரு பச்சைச் சாறியைத் தோளில் போட்டேன். அடுத்த நாளே லண்டன்காரி ஒருத்தி “அந்த நெடுவல் பிள்ளையைக் கூப்பிடுங்கோ” என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து சுகந்திக்கு ஸ்டோர் வேலை இல்லை. சிரித்துக்கொண்டு நிற்பாள், நான் கேட்காமலே முந்தானையைத் திருப்பிக் காட்டுவாள்.

அவளுடைய தாய் ஒருமுறை கடைக்கு வந்து, எங்களுக்கெல்லாம் வீட்டில் செய்த கொக்கிஸ் பலகாரம் தந்துவிட்டு, “கனடாவில எல்லாம் எங்கட மகளைத் தெரியுமாம் மிஸ்” என்று சொன்னார். அந்த அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுகந்தி வெட்கப்பட்டுச் சாறிக்குப் பின்னால் முகத்தை மறைத்தாள்.

2. இல்லாத சாமான்கள்

பெட்டியைத் திறந்தால் சார்ஜர் இல்லை. வயர் மட்டும் சுருட்டி வைத்திருந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். காசாளர் தம்பி தன் மோட்டார் சைக்கிள் சாவியைச் சுழற்றிக்கொண்டு, “என்னக்கா, சாமான் சிங்கப்பூரிலயே நிண்டுட்டுதோ?” என்று கேட்டான். அவனை முறைத்துவிட்டு எதிர்ப்பக்கக் கடையில் ஒரு சார்ஜர் வாங்கினேன்.

பிறகு பழைய போனில் இருந்த மெமரி கார்டைப் போடப் பார்த்தால் போடுவதற்கு இடமில்லை. எங்கள் சாறிப் படங்கள் முழுக்க அந்தக் கார்டில்தான். இரண்டாவது சிம் போடவும் இடமில்லை. கடை நம்பர் ஒன்று, எனக்கென்று வாடிக்கையாளர்களிடம் கொடுத்த நம்பர் இன்னொன்று. இரண்டில் ஒன்றைக் கழற்ற வேண்டியதாயிற்று. இயர்போன் குத்துகிற ஓட்டையும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய இடி. வெளிநாட்டு ஆட்கள் கதைக்கும்போது சாறியைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை. சம்பந்தி வீட்டுச் சண்டை, சீதனம், மகனின் வெள்ளைக்காரச் சிநேகிதி, எல்லாம் வரும். அதையெல்லாம் இயர்போனில் நான் ஒருத்தி கேட்டு விழுங்கிவிடுவேன். இப்போது ஸ்பீக்கரில் போட வேண்டும்.

“காதுக்குள்ள வைக்கிற வயரில்லாத சாமான் ஒண்டு விக்குது முதலாளி” என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

“வசந்தா, போனுக்குப் பிறகு இனி ஒண்டும் கேக்காதேயும்” என்றார்.

எவருக்கும் தெரியாமல் போனைக் கொண்டுபோய், சந்தில் போன் திருத்துகிற சிங்களப் பொடியனிடம் காட்டினேன். பழைய போனில் இருந்த ஒவ்வொன்றாகச் சொல்லி, இதில் எங்கே இருக்கிறது மல்லி என்று கேட்டேன். மல்லி என்றால் தம்பி. அவன் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னான். “ஏக்க மேக்கே நே அக்கே.” அது இதில் இல்லையாம். கடைசியில் சிரித்துக்கொண்டு, புதுசு வந்தவுடனே வாங்கினால் இப்படித்தான், கொஞ்சம் பொறுத்து வாங்கியிருக்கலாம் என்று சிங்களத்தில் புத்தியும் சொன்னான். நான் போனைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடையில் வந்து, “எல்லாம் நல்லா வேலை செய்யுது” என்று சொன்னேன். அவ்வளவு ஆட்டம் ஆடி வாங்குவித்த போன். அதைக் குறை சொல்ல என் வாய் வரவில்லை.

3. நிரோஷா நிக்கட்டும்

உண்மையான குறை சாறி காட்டும்போதுதான் தெரிந்தது. பழைய போனில் ஒரு வசதி இருந்தது. வீடியோ கோல் போய்க்கொண்டிருக்கும்போதே திரையில் சாறியின் மேல் விரலை வைத்து அழுத்தினால் வெளிச்சம் அந்த இடத்தில் பூட்டிக்கொள்ளும். சாறியின் நிறம் நேரில் இருக்கிற மாதிரியே போகும். சுகந்தியின் முகமும் அவள் முகமாகவே போகும். புதுப் போனில் எங்கே அழுத்தினாலும் அசையாது. அதற்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. தானாகவே முகத்தைத் தேடிப் பிடித்து, முகம் கறுப்பாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டு போகும். முகத்தை மா பூசின மாதிரி வெளிறவைக்கும். அதோடு சாறியும் வெளிறிப்போகும். அரக்குச் சாறி தக்காளி நிறத்தில் தெரியும். மயில்நீலம் பள்ளிக்கூடச் சீருடை மாதிரித் தெரியும்.

கழுத்துக்குக் கீழே மட்டும் காட்டிப் பார்த்தேன். “என்னப்பா வசந்தா, தலையில்லாத முண்டத்தைக் காட்டுறீர்” என்று லண்டன்காரி சிரித்தாள். குழல் விளக்கை அணைத்துப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன். சுகந்தியை வாசல் பக்கம் நிறுத்தினேன், கண்ணாடிப் பக்கம் நிறுத்தினேன். பாவம், அந்தப் பிள்ளை சொன்ன இடத்திலெல்லாம் போய் நின்றது.

ஒரு நாள் சுகந்தி சாப்பிடப் போயிருந்த நேரம் ஒரு கோல் வந்தது. பக்கத்தில் நின்ற நிரோஷாவின் தோளில் சாறியைப் போட்டேன். நிரோஷா வெள்ளைப் பிள்ளை. போன் அவளுடைய முகத்தோடு மல்லுக்கட்டவில்லை. சாறியின் நிறமும் கிட்டத்தட்டச் சரியாகவே போயிற்று. அந்தக் கோலிலேயே விற்றுவிட்டேன்.

அன்று நான் செய்யவேண்டியிருந்தது ஒன்றுதான். முதலாளியிடம் போய், “இந்தப் போன் எங்கட வேலைக்குச் சரிவராது, நான் பிழை விட்டிட்டன்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுகந்தி சாப்பிட்டுவிட்டு, கை துடைத்துக்கொண்டு வந்து வழக்கமான இடத்தில் நின்றபோது, “இண்டைக்கு நிரோஷா நிக்கட்டும், நீர் மேல போய் ஸ்டோரைப் பாரும்” என்றேன்.

“சரிக்கா” என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த நாளும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாள் நான் சொல்ல முதலே அவள் மேலே போய்விட்டாள். வீடியோவில் ஒரு சாறி போனால் தோளில் போட்ட பிள்ளைக்குச் சிறு கொமிஷன் உண்டு. அதுவும் நிரோஷாவுக்குப் போயிற்று. முதலாளி ஒருமுறை, “சுகந்தியைக் காணேல்லை?” என்று கேட்டார். “ஸ்டோரில ஆள் காணாது முதலாளி” என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்வதற்கு எனக்குச் சங்கடமாகவே இருக்கவில்லை.

4. ஸ்பீக்கரில் கேட்டது

ரஞ்சி அக்கா ரொறன்ரோவில் இருக்கிறவர். எங்கள் பழைய வாடிக்கை. அவருக்கு இரவு படுக்கப் போகிற நேரம், எங்களுக்குக் கடை திறந்து ஊதுபத்தி கொளுத்துகிற நேரம். மகள் அபிக்குக் கலியாணம். கூறைச்சாறி மாப்பிள்ளை வீட்டார் எடுத்தாயிற்று, வரவேற்புக்கு உடுக்கிற சாறியைத் தாய் எடுக்க வேண்டும். நல்ல கனமான அரக்குச் சாறி ஒன்றை நிரோஷாவின் தோளில் போட்டுக் காட்டினேன். போன் ஸ்பீக்கரில்தான். கடையில் முதலாளி இருந்தார், காசாளர் தம்பி இருந்தான், பிளவுஸ் துணி பொருத்திப் பார்க்க வந்த ஒரு தாயும் மகளும் நின்றார்கள்.

“வசந்தா, இந்தப் பிள்ளை இல்லை. மற்றப் பிள்ளை எங்க? நெடுவலா, கறுப்பா, வடிவா நிப்பாவே.”

“அவ வேற வேலையா நிக்கிறா அக்கா.”

“ஒருக்காக் கூப்பிடுமன். அவவில போட்டாத்தான் எனக்கு விளங்கும்.”

அந்த நேரம் பார்த்துச் சுகந்தி இரண்டு கையிலும் சாறிப் பெட்டிகளை அணைத்துக்கொண்டு மாடிப்படியால் இறங்கிவந்தாள். நான் அவளைக் கண்டேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அரக்குச் சாறி தக்காளியாகத் தெரியும், ரஞ்சி அக்கா கேட்பார், முதலாளிக்கு எல்லாம் வெளிக்கும். அந்தக் கணத்தில் என் புத்தி போன் பக்கம்தான் நின்றது.

“இல்லை அக்கா, அவ போனில சரியா விழமாட்டா. நிறம் கொஞ்சம் கூடக் கறுப்பெல்லே. இது நல்ல விலைகூடின போன். நிரோஷா எண்டால்தான் சாறி எடுப்பாத் தெரியும்.”

ஸ்பீக்கரில் ஒரு இளம் குரல் கேட்டது.

“அன்ரி, நான் அபி. அம்மாக்குப் பக்கத்திலதான் இருக்கிறன்.”

“ஓ, அபியோ, சுகமோ பிள்ளை?” என்றேன், ஒன்றும் விளங்காமல்.

“அம்மா அந்த அக்காவைக் கேக்கிறது ஏனெண்டால், அவ என்ர கலர். நான் உடுத்தா எப்பிடி இருக்குமெண்டு அவவைப் பாத்துத்தான் அம்மா எடுக்கிறவ. அப்ப நானும் என்ர கலியாணப் படத்தில சரியா விழமாட்டனா அன்ரி?”

அவள் கோபத்தில் கேட்கவில்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். கோபித்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். பிளவுஸ் துணி பார்த்த தாயும் மகளும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மகளும் கறுப்புத்தான். முதலாளி கல்லாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். சுகந்தி கடைசிப் படியில் பெட்டிகளோடு நின்றாள். சரி, நானாவது என்ன நிறம்? சுகந்தியை விட ஒரு பிடி கூடத்தான் இருப்பேன். கலியாணம் பேசின காலத்தில் என் தாயிடம் “பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனவர்களை எனக்கு இன்னும் முகம் முகமாகத் தெரியும். அவர்கள் சொன்னதைத்தான் நான் அன்று சொல்லியிருந்தேன்.

“சுகந்தி, வாரும் பிள்ளை, அபி கேக்கிறா” என்றேன்.

“பெட்டியை வெச்சிட்டு வாறேன்கா” என்றாள். பெட்டிகளை மேசையில் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பி மேலே போனாள். வரவில்லை.

நிரோஷா, நல்ல பிள்ளை, நான் சொல்லாமலே தன் தோளிலிருந்த சாறியை எடுத்து மடித்து என் கையில் தந்தாள். நான் போனை அவளிடம் கொடுத்துவிட்டு, சாறியை என் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றேன். திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். திரையில் ஒரு மனுசி நின்றாள். மூக்குக் கண்ணாடி என்னுடையது. முகத்தை அடையாளம் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே உள்ள கருமையும் தாடையிலிருந்த மச்சமும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. துடைத்து வைத்த கோப்பை மாதிரி ஒரு முகம். சாறி தக்காளிச் சிவப்பு. இந்தக் கோலத்தில்தான் சுகந்தியை நாள்கணக்காக அங்கேயும் இங்கேயும் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அவளும் இதைப் பார்த்துக்கொண்டுதானே நின்றிருப்பாள்.

“அபி, இப்ப தெரியுதே சாறியின்ர கோலம். பிழை போனில, பிள்ளை. பழைய போனில இருந்த ஒரு வசதி இதில இல்லை. இது வேணுமெண்டு அடம்பிடிச்சு வாங்குவிச்சது நான். அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கொண்டு அந்தப் பிள்ளையில பழியைப் போட்டிட்டன். உமக்கும் சேத்துச் சொல்லிப்போட்டன். என்னை மன்னியும்.”

“என்னட்டை ஏன் கேக்கிறீங்கள் அன்ரி” என்றாள் அபி.

ரஞ்சி அக்கா, “சரி வசந்தா, பிறகு எடுக்கிறன்” என்று வைத்துவிட்டார். பிறகு அவர் எடுக்கவில்லை.

முதலாளி சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் கிட்ட வந்து போனை வாங்கித் தன் முகத்தை அதில் ஒருமுறை பார்த்தார். “போன் சரியில்லையெண்டு என்னட்டைச் சொல்லியிருந்தால் நான் என்ன உம்மைத் திண்டிருப்பனோ?” என்றார்.

5. ஸ்டோரில்

மேலே போனேன். ஸ்டோரில் ஒரேயொரு சீலிங் ஃபான்தான், அதுவும் பாதிச் சுற்றில் நின்று யோசிக்கிறது. சுகந்தி நிலத்தில் குந்தியிருந்து சாறிகளுக்கு இடையில் தாள் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“சுகந்தி, நான் அப்பிடிச் சொன்னது பெரிய பிழை. போனிலதான் குறை.”

“தெரியும்கா.”

“எப்ப தெரியும்?”

“நிரோஷாவை நிக்கச் சொன்னீங்களே, அன்னைக்கே. போன்ல நான் எப்படித் தெரியிறேன்னு எனக்குத் தெரியாதா? நீங்க முதலாளிகிட்டச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்.” ஒரு சாறியை மடித்து முடித்து, அடுத்ததை எடுத்தாள். “அம்மாகிட்ட இன்னும் சொல்லல்லக்கா. அவங்க இப்பவும் நான் கனடாவுக்குக் காட்டுறேன் என்டுதான் எல்லாருக்கும் சொல்லிட்டு இருக்காங்க.”

நானும் பக்கத்தில் குந்தினேன். அவளோடு சேர்ந்து நாலு சாறி மடித்தேன். என் மடிப்புச் சரியில்லை. நான் போன பிறகு அவள் அவற்றைத் திருப்பி மடித்திருப்பாள்.

சொன்னது கடை முழுக்கக் கேட்க, மன்னிப்பு மட்டும் மேல்மாடியில் மூடிக்கொண்டு கேட்பதா என்று அன்றிரவு மனம் அரித்தது. அடுத்த நாள் காலை, எல்லோரும் நிற்கும்போது, நடந்ததைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளுடைய நிறத்தைப் பற்றி இரண்டாம் தரமும் கடை நடுவில் நின்று கதைத்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தக் கிழமையே முதலாளி புதுப் போனைத் தன் மகனிடம் கொடுத்துவிட்டு, பழைய மொடலிலேயே ஒன்றைப் பாவித்த போனாகத் தேடி வாங்கினார். விரலை வைத்து அழுத்தினால் வெளிச்சம் பூட்டிக்கொள்கிறது. நிறம் நிறமாகப் போகிறது. சுகந்தியை வந்து நிற்கச் சொன்னோம்.

“கடைக்கு வாற ஆக்களுக்கு நான் காட்டுறேன்கா. போனுக்கு முன்னால மட்டும் வேணாம்” என்றாள்.

கட்டாயப்படுத்த எனக்கு வாயில்லை. கடைக் கவுண்டரில் நன்றாகத்தான் விற்கிறாள். நேரில் வருகிற பெண்பிள்ளைகள் அவளைத் தேடித்தான் வருகிறார்கள்.

வீடியோ கவுண்டருக்கு வருகிற புதுப் பிள்ளைகளுக்கு நான் இப்போது முதல் நாளே சொல்லிவிடுவேன். கையிலிருக்கிற சாமானில் குறை என்றால், குறை சாமானில் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் சிரித்தால் சிரிக்கட்டும், முதலாளி ஏசினால் ஏசட்டும். பக்கத்தில் நிற்கிற ஆளை நகர்த்தி அதைச் சமாளிக்க வேண்டாம். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அவர்களுக்கு இது போனைப் பற்றின கதை.

நவராத்திரி முடிகிற நாளில் கடையில் பூசை வைப்போம். சுகந்தி வேதக்காரப் பிள்ளை, சேர்ச்சுக்குப் போகிறவள் என்றாலும் வந்து அவல் கடலை எடுத்துக் கொடுப்பாள். பூசை முடிந்து எல்லோரும் படம் எடுக்க வரிசையாக நிற்போம். எவர் போனை நீட்டினாலும் சுகந்தி முந்திக்கொண்டு, “தாங்க, நான் எடுக்கிறேன்” என்று வாங்கிவிடுவாள். “நீயும் வந்து நில் பிள்ளை, தம்பி எடுப்பான்” என்று முதலாளி கூப்பிட்டுப் பார்ப்பார். அவள் சிரித்துக்கொண்டே, “எல்லாரும் வடிவா விழணுமே முதலாளி” என்பாள்.

போன வருசப் படத்தில் நான் நடுவில் நிற்கிறேன். அதற்கு முதல் வருசத்திலும் அப்படித்தான். சுகந்தி ஒன்றிலும் இல்லை.